ஐந்து விசைகளைப் பார்த்து வாங்குங்கள்

ஜமுனாமரத்தூர். ஜவ்வாதுமலைக்காரர்களுக்குத் தாலுகா ஆபீஸும் சந்தையும் பேருந்து நிலையமும் உள்ள ஊர். இந்தப் பெயரைக் கணினியில் தமிழ்99 முறையில் அடிக்க 12 தட்டு போதும். 'ஜ'வுக்காக மட்டும் ஒருமுறை ஷிஃப்ட்டை அழுத்த வேண்டும். ஆங்கில எழுத்தை ஒலிப்படி அடித்துத் தமிழாக்கும் முறையில் இதே பெயருக்கு 18 தட்டு. ஒரு விண்ணப்பத்தில் ஊர், அஞ்சல், வட்டம் என்று மூன்று இடத்தில் இந்தப் பெயர் வரும். வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று இ-சேவை மையத்தில் வரிசை நிற்கும் ஜூன் மாதத்தில் அந்த 6 தட்டு வித்தியாசம் என்ன ஆகும் என்பது, சாயங்காலம் விரலைச் சொடுக்கெடுக்கும் ஆபரேட்டருக்குத் தெரியும்.

அந்த ஆபரேட்டரின் கீபோர்டு ஒருநாள் மக்கர் செய்கிறது. ஸ்பேஸ் பார் ஒரு பக்கம் அமுங்கி மறுபக்கம் எழும்ப மறுக்கிறது. 'ம' இரண்டு தடவை விழுகிறது. புதிதாக ஒன்று வாங்கியாக வேண்டும். சென்னையில் இருப்பவருக்கு இது ரிச்சி தெருவில் பத்து நிமிட வேலை. மலையில் இருப்பவர் கிழக்கே போளூருக்கோ திருவண்ணாமலைக்கோ, வடமேற்கே ஆலங்காயம் வழியாக வாணியம்பாடிக்கோ, மேற்கே திருப்பத்தூருக்கோ இறங்க வேண்டும். போக வர ஒரு நாள் போய்விடும். கடையில் மேசைமேல் நாலு பெட்டியை எடுத்துப் போட்டு, "எல்லாம் ஒண்ணுதான், எது வேணும்?" என்பார்கள்.

எல்லாம் ஒன்றில்லை. தமிழ் அடிப்பவர்களுக்கு நிச்சயமாக ஒன்றில்லை. ஏன் என்று சொல்ல, தட்டச்சு இன்ஸ்டிட்யூட் பக்கம் ஒருநடை போய்வர வேண்டியிருக்கிறது.

லோயர், ஹையர்

மலையில் பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்துவிட்டு அரசு வேலை என்று கிளம்பும் பிள்ளைகள் கீழே விடுதியில் தங்கிப் படிக்கும்போது, பக்கத்திலேயே டைப்பிங் வகுப்பில் சேர்வது வழக்கம். 'லோயர்' என்றால் இளநிலை, நிமிடத்துக்கு 30 சொல். 'ஹையர்' என்றால் முதுநிலை, 45 சொல். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் முடித்தவர்களுக்கு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தட்டச்சர் பணியில் ஒரு கால் உள்ளே. தொழில்நுட்பக் கல்வித் துறை நடத்தும் இந்தத் தேர்வுகளுக்கு விரல் பழகியது இரும்பு இயந்திரத்தில். தமிழ்ப் பயிற்சியின் முதல் பாடம் இடக்கைக்கு 'யளனகபக'. அதைத் திரும்பத் திரும்ப அடித்துத் தாள் கிழிந்தவர்களுக்கு இன்றும் தூக்கத்தில் அந்த வரிசை வரும்.

அந்த விசை அமைப்புக்கு மூலம், யாழ்ப்பாணத்தில் பிறந்து மலேயா, சிங்கப்பூர் பக்கம் போன ஆர். முத்தையாவின் உழைப்பு. 247 எழுத்தை நாற்பத்துச் சொச்ச விசைக்குள் அடைப்பது எப்படி என்று மண்டையை உடைத்துக்கொண்டவர் அவர். அவர் கையாண்ட தந்திரம் நகரா விசை. புள்ளியையோ 'இ'கரக் கொக்கியையோ அடித்தால் தாள் நகராது. அடுத்து அடிக்கும் மெய் அதன் அடியில் வந்து உட்காரும். அதனால்தான் தட்டச்சுக்காரர்கள் புள்ளியை முதலில் வைத்துவிட்டு எழுத்தை அப்புறம் அடிக்கிறார்கள். கையால் எழுதும்போது நாம் செய்வதற்கு நேர் தலைகீழ். இயந்திரத்துக்காக மனிதர் பழகிக்கொண்ட முறை அது.

இயந்திரம் போய்விட்டது. கோத்ரெஜ் நிறுவனம் தட்டச்சு இயந்திரத் தயாரிப்பை 2009-இல் நிறுத்தியது. விரல் போகவில்லை. ஹையர் முடித்து வந்த ஒருவரைக் கணினி முன் உட்கார வைத்தால், அவர் இன்றும் புள்ளியை முதலில் தேடுகிறார். இவரைப் போன்றவர்களுக்காகவே என்எச்எம் ரைட்டர் போன்ற மென்பொருள்களில் பழைய தட்டச்சு முறையையும் வைத்திருக்கிறார்கள். அடிப்பது பழைய வரிசையில், திரையில் விழுவது யூனிகோட்.

கீபோர்டு வாங்குவதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பலம்தான் சம்பந்தம். இரும்பு இயந்திரத்தில் விசை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கும், ஓங்கி அடித்தால்தான் எழுத்து பதியும். மேசைக் கணினியின் சாதாரண கீபோர்டில் விசை இறங்குவது 4 மில்லிமீட்டர் அளவு. மடிக்கணினியில் அதுவும் இல்லை, ஒன்று ஒன்றரை மில்லிமீட்டர். இன்ஸ்டிட்யூட்டில் பழகிய கை மெல்லிய கீபோர்டைக் குத்தும். குத்துப்பட்ட ரப்பர் சீக்கிரம் தளரும். இப்படிப்பட்ட கைக்கு வேண்டியது எது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

1999-இல் முடிவு செய்தது

கணினியில் தமிழ் வந்த காலத்தில் ஆளுக்கொரு விசைப்பலகை. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இலேயே முரசு மென்பொருளைத் தொடங்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தனியாக ஒரு முறை செய்தார். ஈழத்தமிழர்கள் பாமினி எழுத்துருவோடு உலகம் முழுக்கப் போனார்கள். தமிழ்நாட்டு அலுவலகங்களில் ஓர் எழுத்துருவில் அடித்த கடிதம் அடுத்த மேசையில் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. அந்தக் குழப்பத்தை அனுபவித்தவர்கள் இன்னும் பணியில் இருக்கிறார்கள்.

1999 பிப்ரவரி 7, 8 தேதிகளில் சென்னையில் தமிழ்நாடு அரசு 'தமிழ்நெட் 99' மாநாட்டை நடத்தியது. முன்னாள் துணைவேந்தர் மு. ஆனந்தகிருஷ்ணன் முன்னின்ற முயற்சியில், ஒரே விசைப்பலகை என்ற முடிவு பிறந்தது. அதே ஆண்டு ஜூனில் அரசாணையாகவும் வந்தது. அதுதான் தமிழ்99.

நல்ல வேலை செய்திருக்கிறார்கள் என்று சொல்லத் தயங்க வேண்டாம். உயிரெல்லாம் இடக்கைக்கு, மெய்யெல்லாம் பெரும்பாலும் வலக்கைக்கு. தமிழ்ச் சொல் மெய்யும் உயிருமாக மாறிமாறி வருவதால் இரண்டு கையும் மாறிமாறி ஓடும். அதிகம் புழங்கும் க, ப, ம, த, ந, ய ஆறும் வலக்கை விரல்கள் சும்மா இருக்கும் நடு வரிசையில். 'க'வை இரண்டு தடவை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். 'ங'வுக்குப் பின் 'க', 'ந'வுக்குப் பின் 'த', 'ம'வுக்குப் பின் 'ப' அடித்தாலும் அப்படியே. அம்மா என்று அடிக்க நாலே தட்டு: அ, ம, ம, ஆ. ஒன்றாம் வகுப்புக் குழந்தை எழுத்துக்கூட்டுவதும் ஏறத்தாழ இப்படித்தான்.

இப்போது கணக்குக்கு வருவோம். உயிர் 12, மெய் 18, புள்ளி 1. கூட்டினால் 31 விசை. ஆங்கிலத்துக்கு 26 எழுத்து. மிச்சம் 5 எழுத்துக்கு எங்கே போவது? ஆங்கிலக்காரர்கள் நிறுத்தற்குறிகளுக்கு ஒதுக்கிய வலதுகை ஓரத்து விசைகளில் அந்த ஐந்தையும் குடிவைத்தார்கள். 'பி' விசைக்கு அடுத்துள்ள இரண்டு சதுர அடைப்புக்குறிகளில் ச, ஞ. 'எல்' விசைக்கு அடுத்துள்ள அரைப்புள்ளியில் ந, அதற்கடுத்த ஒற்றை மேற்கோளில் ய. வலது ஷிஃப்ட்டை ஒட்டிய சாய்கோட்டில் ழ.

ச, ஞ, ந, ய, ழ. கீபோர்டு வாங்கப் போகும் தமிழர் முதலில் பார்க்க வேண்டிய ஐந்து விசைகள் இவை. எந்தப் பெட்டியின் மேலும் இது எழுதியிருக்காது.

கீபோர்டைச் சிறிதாக்க நினைக்கும் எந்த நிறுவனமும் முதலில் கைவைப்பது அங்கேதான். ஆங்கிலம் அடிப்பவருக்குச் சதுர அடைப்புக்குறி மாதத்துக்கு ஒருமுறை தேவைப்பட்டால் அதிகம். அதனால் அதைப் பாதி அகலமாக்குவார்கள், அல்லது எஃப்என் விசையை அழுத்தினால்தான் வரும் என்று ஒளித்து வைப்பார்கள். பைக்குள் மடித்துப் போடும் ப்ளூடூத் கீபோர்டுகளில் அரைப்புள்ளிக்கும் மேற்கோளுக்கும் இந்தக் கதி நடக்கிறது. சில குட்டி மாடல்களில் சாய்கோடு, அம்புக்குறி விசையோடு இடம் பகிர்ந்துகொள்கிறது. அம்புக்குறிக்கு இடம்விட வலது ஷிஃப்ட் சுருங்கும்போது சாய்கோடும் நகர்ந்துவிடும். ஆங்கிலத்தில் ஒரு கேள்விக்குறி போனதோடு சரி. தமிழில் 'ழ' போய்விட்டது.

'ச' இல்லாமல் ஒரு சாதிச் சான்று விண்ணப்பத்தை அடித்துப் பாருங்கள்.

கடையில் என்ன செய்ய வேண்டும்

பெட்டியைப் பிரிக்கச் சொல்லுங்கள். மலையிலிருந்து வருகிறவர்கள் திரும்பி வந்து மாற்றிக்கொண்டு போக முடியாது. கடைக்காரரின் கணினியில் செருகி, நோட்பேடைத் திறந்து, முடிந்தால் தமிழ்99-ஐப் போட்டு, உங்கள் ஊர்ப்பெயரை அடியுங்கள். இப்போதைய விண்டோஸில் தமிழ்99 தனியாக எதையும் நிறுவாமலே மொழி அமைப்புக்குள் இருக்கிறது. நம்மியம்பட்டு, கானமலை, பலாமரத்தூர், கீழ்சேப்பிளி, புதூர்நாடு என்று எதுவானாலும் சரி. கீழ்சேப்பிளி நல்ல சோதனை: ழ-வும் உண்டு, ச-வும் உண்டு, ஓரத்து விசை இரண்டும் ஒரே சொல்லில் வந்துவிடும். சுண்டுவிரல் எட்டுகிறதா, பக்கத்து விசையில் இடிக்கிறதா என்பது அங்கேயே தெரியும்.

அடுத்து, ஸ்பேஸ் பாரின் இரண்டு ஓரத்தையும் தனித்தனியே அழுத்துங்கள். எந்த ஓரத்தில் அழுத்தினாலும் முழுதாக இறங்கி எழ வேண்டும். மலிவு கீபோர்டு முதலில் தோற்கும் இடம் இது. ஷிஃப்ட், என்டர் இரண்டையும் அப்படியே.

வலது பக்கத்து எண் விசைகள் கட்டாயம் இருக்கட்டும். அது இல்லாத குட்டிக் கீபோர்டு மேசைமேல் அழகாக இருக்கலாம். ஆதாருக்கு 12 இலக்கம், கைப்பேசிக்கு 10, அதற்கு மேல் வங்கிக் கணக்கு எண் என்று நாளெல்லாம் எண் அடிப்பவருக்கு அந்த அழகு தண்டம்.

ரப்பர் சவ்வு கீபோர்டா, மெக்கானிக்கலா என்பது அடுத்த கேள்வி. சவ்வு வகையில் எல்லா விசைக்கும் அடியில் ஒரே ரப்பர் விரிப்பு, அதற்குக் கீழே மின்தடம் அச்சிட்ட பிளாஸ்டிக் தாள்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். மெக்கானிக்கலில் ஒவ்வொரு விசைக்கும் தனி ஸ்விட்ச், தனி சுருள்வில். விலை ஆயிரத்துக்கு மேல் தொடங்கி எங்கேயோ போகும். நம்மூர் பில்லிங் கவுன்ட்டர்களிலும் டி.டி.பி. சென்டர்களிலும் 'டக் டக்' என்று சத்தம்போடும் டிவிஎஸ் கோல்டு அந்த வகை; ஜெர்மனியின் செர்ரி நிறுவனத்து நீல ஸ்விட்ச்சால் பெயர் வாங்கியது. நீல ஸ்விட்ச்சில் விசை 2.2 மில்லிமீட்டர் இறங்கியதுமே 'க்ளிக்' என்று சொல்லிவிடும், அடிவரை குத்தத் தேவையில்லை. ஹையர் முடித்த கைக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான். சத்தம் பக்கத்து மேசைக்காரரை எரிச்சலூட்டும். இன்ஸ்டிட்யூட்டில் முப்பது இரும்பு இயந்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்தவருக்கு அது சங்கீதம்.

சவ்வு கீபோர்டின் ஒரு விசை 50 லட்சம் முதல் 1 கோடி தட்டுவரை தாங்கும் என்கிறார்கள். மெக்கானிக்கலுக்கு 5 கோடி. இந்த எண்ணைக் காட்டி விற்பார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு விசையை நாளைக்கு 1,000 தடவை, ஆண்டுக்கு 300 நாள் அடித்தால் 3 லட்சம். 50 லட்சத்தை எட்டப் பதினாறு ஆண்டுக்கு மேல் ஆகும். ஸ்பேஸ் பார் மட்டும்தான் இதைவிடப் பல மடங்கு அடிபட்டு மூன்று நாலு ஆண்டில் அந்த எண்ணைத் தொடும். ஆக, கீபோர்டு வயதாகிச் சாவது அபூர்வம். டீ கொட்டிச் சாகும், எறும்பு புகுந்து சாகும், வயர் முறிந்து சாகும். மலையில் ஈரக்காற்றும் தூசியும் கூடுதல். எனவே 5 கோடிக்குக் காசு கொடுப்பதைவிட, அடியில் தண்ணீர் வடியத் துளை இருக்கிறதா, வயர் சேரும் இடத்தில் தடித்த ரப்பர் உறை இருக்கிறதா என்று புரட்டிப் பார்ப்பது மேல். சாயங்காலம் ஒரு துணியைப் போர்த்திவிட்டுப் போவது எல்லாவற்றிலும் மேல்.

எழுத்து அழியுமா என்று நகத்தால் கீறிப் பாருங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். மேலோட்டமாக அச்சடித்த எழுத்து சில மாதத்தில் போய்விடும். லேசர் பொறிப்பு நிற்கும். இரண்டு நிறப் பிளாஸ்டிக்கை ஒன்றுக்குள் ஒன்றாக வார்த்த விசையில் எழுத்து அழியவே அழியாது.

வயர்லெஸ் வேண்டாம். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. பேட்டரி ஒரு செலவு, விரல்நகம் அளவு ரிசீவர் தொலைந்தால் கீபோர்டே தொலைந்தது. வாரண்டி மூன்று ஆண்டு என்றாலும் சர்வீஸ் சென்டர் வேலூரிலோ சென்னையிலோ இருக்கும். பஸ் கட்டணத்தையும் ஒருநாள் வேலையையும் கூட்டிப் பார்த்தால், பழுதான சவ்வு கீபோர்டுக்குப் பதில் புதிதே வாங்கிவிடலாம்.

ரூபாய்க் குறி பற்றி ஒரு வார்த்தை. கள்ளக்குறிச்சிக்காரரான டி. உதயகுமார் வடிவமைத்த ₹ குறியை மத்திய அரசு 2010 ஜூலை 15 அன்று ஏற்றது. அந்த ஆண்டே டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸ் அந்தக் குறி பொறித்த கீபோர்டைக் கொண்டுவந்தது. குறி பிறந்த சில மாதங்களில் விசைமேல் ஏறிவிட்டது. தமிழ்99-க்கு அரசாணை வந்து கால் நூற்றாண்டு தாண்டியும், மாவட்டத் தலைநகரக் கடையில் தமிழ் பொறித்த கீபோர்டு கேட்டால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்க்கிறார். தேவநாகரி பொறித்தது சந்தையில் உண்டு. இலங்கையில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் பொறித்ததே கிடைக்கிறது.

மடிக்கணினியின் பல் விழுந்தால்

2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் மலைக்குடும்பங்கள் பலவற்றில் முதல் கணினி வந்தது. அண்ணன் படித்து, தங்கை படித்து, இப்போது தம்பி கையில் இருக்கும் கணினியில் நாலைந்து விசை போயிருக்கும். இதைத் தூக்கிப்போட வேண்டியதில்லை.

மடிக்கணினிக் கீபோர்டு மாடலுக்கு மாடல் வேறு. திருகு வரும் இடம், பட்டை வயரின் அகலம், அது சேரும் திசை எல்லாம் பொருந்த வேண்டும். 'அதே கம்பெனி' என்று வாங்கினால் பொருந்தாது. கீபோர்டைக் கழற்றினால் பின்பக்கம் ஒட்டியிருக்கும் சீட்டில் பார்ட் நம்பர் இருக்கும். அதைப் படம் பிடித்துக்கொண்டு கீழே இறங்குங்கள், அல்லது ரிச்சி தெருக் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். சில மாடல்களில் கீபோர்டை உடம்போடு பிளாஸ்டிக் குமிழால் உருக்கி ஒட்டியிருப்பார்கள். அவற்றில் மாற்றுவது கைதேர்ந்தவர் வேலை, கூலியும் ஏறும்.

கூலி கொடுக்க மனமில்லையென்றால் யுஎஸ்பி கீபோர்டு ஒன்றைச் செருகிவிடலாம். ஒரே ஒரு சிக்கல்: பழைய கீபோர்டில் ஏதாவது விசை அமுங்கியபடி சிக்கியிருந்தால், வெளிக் கீபோர்டில் அடிக்கும்போதும் அந்த எழுத்து வரிசைகட்டி விழும். அப்படியானால் உள்ளே இருக்கும் பட்டை வயரை உருவிவிட வேண்டும்.

காவலூர் இருட்டில்

இதே மலையில் தமிழே தேவைப்படாத கீபோர்டுகளும் இருக்கின்றன. ஆலங்காயம் பக்கத்துக் காவலூரில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம். 1972-இல் ஒரு மீட்டர் ஜெய்ஸ் தொலைநோக்கி வந்தது. யுரேனஸுக்கு வளையம் உண்டு என்று காட்டிய 1977 மார்ச் 10 இரவின் பதிவுகளில் காவலூர்ப் பதிவும் ஒன்று. 2.34 மீட்டர் பெரிய தொலைநோக்கி 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி கையால் பாப்புவின் பெயரைப் பெற்றது.

வானியல்காரர்களுக்கு ஒரு நியதி உண்டு. இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு வெள்ளை, நீல வெளிச்சம் ஆகாது. மங்கிய சிவப்பு மட்டும் பொறுக்கும். மங்கலில் பார்க்க உதவும் நம் விழித்திரை அணுக்கள் சிவப்பை அவ்வளவாக உணர்வதில்லை என்பதே காரணம். கீழே ஷோரூமில் இளைஞர்கள் ஆசையோடு வாங்கும் வானவில் வெளிச்சக் கீபோர்டை அப்படி ஓர் இருட்டறைக்குள் கொண்டுபோனால் துரத்திவிடுவார்கள். இரவில் மொட்டைமாடியில் மடிக்கணினியோடு நட்சத்திரம் பார்க்கும் ஆர்வலர்கள் பின்வெளிச்சத்தை அணைக்க முடிகிற கீபோர்டாகப் பார்த்து வாங்குவது நல்லது. மின்சாரம் போய்ப்போய் வரும் ஊரில் மாணவருக்கு அதே பின்வெளிச்சம் வரப்பிரசாதம். யார் எங்கே உட்கார்ந்து அடிக்கிறார் என்பதைக் கேட்காமல் 'இதுதான் நல்ல கீபோர்டு' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பழங்குடிப் பள்ளியில் எது?

இந்தக் கட்டுரையில் எனக்கு அதிகம் உறுத்துவது இதுதான். ஜவ்வாதுமலையின் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் கணினி முன் முதன்முதலாக உட்காரும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளை விசைகளில் காண்பது ஆங்கில எழுத்து மட்டுமே. ஆசிரியருக்கும் ஒலிப்பு முறையே தெரிந்திருந்தால், அம்மா என்று தமிழில் எழுதுவதற்கே அந்தப் பிள்ளை 'ஏ, எம், எம், ஏ, ஏ' என்று ஆங்கிலத்தில் யோசிக்க வேண்டும். தாய்மொழியை எழுதப் பக்கத்து வீட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு போவது போலிருக்கிறது. சுற்றிப் போவதில் தவறும் சேர்கிறது. கானமலையை ஆங்கிலத்தில் அடித்துத் தமிழுக்குக் கொண்டுவந்தால் கனமலை ஆகலாம், காணமலை ஆகலாம். ர-ற, ல-ள-ழ, ன-ண எல்லாம் இந்தச் சுற்றுவழியில்தான் குழம்புகின்றன. ஆதாரில் ஓர் எழுத்து, சாதிச் சான்றில் வேறோர் எழுத்து என்று ஆகிவிட்டால் உதவித்தொகையிலிருந்து கல்லூரிச் சேர்க்கைவரை அலைச்சல். மலைமேலிருந்து அலைபவருக்கு ஒவ்வொரு அலைச்சலும் ஒருநாள் கூலி.

கைப்பேசியில் வாயால் சொன்னால் தமிழில் விழுகிறதே, கீபோர்டு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கூகுள் 2017-லேயே தமிழுக்குக் குரல்வழித் தட்டச்சைக் கொண்டுவந்தது, நன்றாகவும் இருக்கிறது. வாட்ஸ்அப்புக்குச் சரி. இருபது பேர் வரிசையில் நிற்கும் அறையில் ஒருவருடைய வருமானத்தையும் கைப்பேசி எண்ணையும் உரக்கச் சொல்லி அடிக்க முடியாது.

ஜவ்வாதுமலைப் புலியூரின் வி. ஸ்ரீபதி, 23 வயதில் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்ற செய்தி 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்டது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் முன்னுரிமை தரும் ஏற்பாட்டை அப்போது முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின் குறிப்பிட்டார். தமிழ்வழியில் படித்தவரை மேசைவரை அழைத்து வருகிற அரசு, மேசைமேல் வைக்கும் கீபோர்டில் தமிழ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் கணினி வாங்க அரசு விடும் ஒப்பந்தப்புள்ளியில் 'தமிழ்99 பொறித்தது' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். லட்சக்கணக்கில் வாங்குகிறவர் கேட்டால் அச்சடித்துத் தர எந்தத் தயாரிப்பாளரும் மறுக்கமாட்டார். ரூபாய்க் குறிக்கு நடந்தது 'ழ'வுக்கும் நடக்கும்.

அதே மூச்சில் தட்டச்சுத் தேர்வையும் சரிசெய்ய வேண்டும். ஒரு துறை 1999-இல் ஒரு விசைப்பலகையை ஆணையாகப் போட்டது. இன்னொரு துறை அதற்குப் பிறகும் பழைய விசைப்பலகையில் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் கொடுத்துவந்தது. இரண்டையும் நம்பி மலையிறங்கி வந்த பெண் எதைப் படிப்பாள்? ஹையர் முடித்தவர்களின் விரலைக் குற்றம் சொல்வதில் அர்த்தமில்லை. அவர்களுக்குப் பழைய முறையே இருக்கட்டும், மென்பொருள் பார்த்துக்கொள்ளும். புதிதாகச் சேர்கிறவர்களுக்காவது தமிழ்99-இல் தேர்வு வேண்டும்.

ஒப்பந்தப்புள்ளி வரும்வரை

ஒட்டுச்சீட்டு இருக்கிறது. ஒளி ஊடுருவும் தாளில் தமிழ்99 எழுத்து அச்சடித்த ஸ்டிக்கர்கள் இணையத்தில் கிடைக்கின்றன. வாங்கும்போது 31 எழுத்தும் இருக்கிறதா என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஆங்கில விசை 26-ஐ மட்டும் கணக்கிட்டு ஓரத்து ஐந்தையும் மறந்த தாளால் பயனில்லை. ஒட்டுமுன் விசையை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பள்ளிக்கு என்றால் வெள்ளை மார்க்கரில் எழுதி, மேலே தெளிவான நெயில் பாலிஷ் ஒரு பூச்சுப் பூசினாலும் ஓர் ஆண்டுப் பாடத்துக்குத் தாங்கும்.

பழைய கீபோர்டைக் குப்பையில் போடும் முன் அதே கம்பெனி, அதே மாடல் இன்னொன்று பக்கத்துப் பள்ளியிலோ ஊராட்சி அலுவலகத்திலோ இருக்கிறதா என்று கேளுங்கள். விசைமூடிகளைத் தட்டையான ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் கழன்றுவரும். ஸ்பேஸ் பாரை மட்டும் அவசரப்படாமல் எடுங்கள், அதன் அடியில் வளைந்த கம்பி ஒன்று கொக்கியில் மாட்டியிருக்கும். ஓரத்து ஐந்து விசையும் ஆங்கிலம் அடித்தவரின் கீபோர்டில் பெரும்பாலும் புதிதாகவே இருக்கும்.